தில்லைநகர் மருத்துவர் கேட்ட கேள்விகள்

நாங்கள் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறோம். மகனின் தீராத முதுகுவலிக்குக் காரணம் தெரிந்ததோ திருச்சி தில்லைநகரில், கோடை விடுமுறைக்கு லால்குடி வந்திருந்தபோது. பதின்வயதுப் பிள்ளையின் முதுகுவலியோடு அல்லாடும் பெற்றோர் வேறு யாரேனும் இருந்தால் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

அவனுக்கு 15 வயது. இடுப்புக்குச் சற்று மேலே, இடப்பக்கமாக, மாதக்கணக்கில் வலி. புத்தகப் பை, கைப்பேசி, உட்காரும் விதம் என்று அங்கே சொன்னார்கள், உடற்பயிற்சி கொடுத்தார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ.க்குக் காத்திருக்கச் சொல்லியிருந்தார்கள்.

திருச்சியில் முதலில் போனது ஒரு பெரிய தனியார் மருத்துவமனை. வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறோம் என்றதும் முழு உடல் பரிசோதனைக்கான பேக்கேஜ் அட்டையை நீட்டினார்கள். மருத்துவர் பையனைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் வைட்டமின் டி ஊசி எழுதினார். எனக்கு வந்த கோபத்தில் ஊசி போடாமலே கிளம்பிவிட்டோம்.

சித்தப்பா சொன்ன எலும்பு மருத்துவரின் கிளினிக், தில்லைநகரின் குறுக்குத் தெரு ஒன்றில் இருக்கிறது. டோக்கன் வாங்கிக் காத்திருந்து உள்ளே போகும்போது இரவு ஒன்பது மணி. அவ்வளவு கூட்டத்திலும் அந்தப் பெரியவர் அவசரப்படவில்லை. நான் ஆரம்பித்ததும் கையமர்த்திவிட்டு அவனிடமே கேட்டார்.

"ராத்திரி வலி உன்னைத் தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா, தம்பி?"

"எழுப்பும், டாக்டர்."

"எந்த மாத்திரைக்குக் கேட்கிறது?"

பாராசிட்டமாலுக்குக் கேட்காது, ஐபுப்ரோஃபென் போட்டால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும் என்றான். உடனே சட்டையைக் கழற்றச் சொன்னார். குனியவைத்து, முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவாகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இறங்கினார். ஓரிடத்தில் பையன் துள்ளிவிட்டான். தண்டு லேசாக ஒரு பக்கம் வளைந்திருப்பதையும் எங்களை அருகே அழைத்துக் காட்டினார். காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா, காலில் மரமரப்பு உண்டா, சிறுநீர் போவதில் சிரமம் உண்டா, காலையில் எழும்போது முதுகு இறுகிக் கிடக்கிறதா என்று அடுத்தடுத்துக் கேட்டார். தசைப்பிடிப்பு வலி படுத்தால் பெரும்பாலும் குறையும். படுத்த பிறகும் பிள்ளையை எழுப்புகிற வலியை விட்டுவிடக் கூடாது என்றார். காரணம் தெரியும்வரை யாரும் முதுகைத் திருகவோ சுளுக்கு எடுக்கவோ வேண்டாம் என்றும் கண்டிப்பாகச் சொன்னார். அத்தை ஏற்கெனவே ஒருவரிடம் சொல்லிவைத்திருந்தார், அவருக்கு மனவருத்தம்தான்.

மறுநாளே எம்.ஆர்.ஐ. கிடைத்தது. சமயபுரத்தில் பாட்டி கட்டிவிட்ட கயிற்றைத் தாயத்தோடு அவிழ்த்து என் கையில் கொடுத்த பிறகுதான் ஊழியர் அவனை உள்ளே விட்டார். அறிக்கையில் எலும்பிலும் சுற்றியுள்ள தசையிலும் வீக்கம் என்றும், காசநோய் உள்ளிட்ட தொற்று இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும் என்றும் இருந்தது. அன்றிரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோய் அரிதல்ல. அதனால் அந்த வரியைக் குறைசொல்ல மாட்டேன். ரத்தப் பரிசோதனைகளில் தொற்றுக்கான அடையாளம் இல்லை. மருத்துவர் பதறாமல், வலித்த இடத்தை மட்டும் மெல்லிய வெட்டுகளாக சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

அதில் அகப்பட்டது. முள்ளெலும்பின் பின்பகுதியில் 8 மில்லிமீட்டர் அளவில் ஒரு கரும்புள்ளி, அதன் நடுவே வெள்ளைப் பொட்டு, சுற்றிலும் தடித்த எலும்பு. ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்ற சிறு எலும்புக் கட்டி. புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. பதின்வயதினருக்கும் இளைஞர்களுக்கும்தான் பெரும்பாலும் வரும்; பெண்பிள்ளைகளைவிடப் பையன்களுக்கு அதிகம். அந்தச் சிறு கட்டி புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளை மிகுதியாகச் சுரப்பதால் வலிக்கிறது. ஐபுப்ரோஃபென் அதன் உற்பத்தியைத் தடுக்கிறது. மாத்திரையைப் பற்றி அவர் ஏன் கேட்டார் என்பது அப்போது புரிந்தது. எம்.ஆர்.ஐ.யில் சுற்றியுள்ள வீக்கம் பெரிதாகத் தெரிந்து கட்டியை மறைத்துவிடுவது உண்டாம், சி.டி.யில்தான் அது தெளிவாகத் தெரியும்.

ஸ்கேன் இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 11,000 ரூபாய் ஆனது. எங்களால் முடிந்தது, லால்குடிப் பக்கத்துக் கூலிக் குடும்பம் ஒன்றுக்கு அது எத்தனை நாள் சம்பளம் என்ற நினைப்பு எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ஊரில் வேகம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் பையனின் முதுகில் கை வைத்துப் பார்க்கிற மருத்துவர் அமையாவிட்டால் அந்த வேகத்தில் கிடைப்பது பில் மட்டுமே. பதிவேடுகளையும் நாமேதான் பத்திரப்படுத்த வேண்டும். ஃபிலிமோடு நிற்காமல் ஸ்கேன் படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்காவிட்டால் சில இடங்களில் தருவதில்லை.

கட்டி நரம்புக்குப் பக்கத்தில் இருந்ததால், பின்தொடர்ந்து பார்க்க வசதியான இடத்திலேயே சிகிச்சை செய்துகொள்வது நல்லது என்று சொல்லி, ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தார். லெஸ்டர் திரும்பியதும் அந்தக் கடிதத்தையும் படங்களையும் பார்த்த நிபுணர், மறுபடி முதலிலிருந்து தொடங்கவில்லை. மயக்க மருந்து கொடுத்து, சி.டி. வழிகாட்ட ஊசி செலுத்தி, ரேடியோ அலையின் வெப்பத்தால் கட்டியைப் பொசுக்கினார்கள். இப்போது பையன் மாத்திரை இல்லாமல் விடிய விடியத் தூங்குகிறான். முதுகின் வளைவு முழுமையாக நிமிர்கிறதா என்று இன்னும் கவனித்துவருகிறார்கள்.