பாங்காக்கில் ஒரே ஒரு நாள்: கிராண்ட் பேலஸா, வாட் போவும் வாட் அருணுமா?

பாங்காக்கில் ஒரு பகலும் ஒரு மாலையும்தான் கையில் இருக்கிறதா? கிராண்ட் பேலஸ் என்ற அரண்மனை, வாட் போ, வாட் அருண் என்ற புத்தர் கோயில்கள், மூன்றும் பக்கத்துப் பக்கத்திலேயே இருப்பதால் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று தோன்றும். பதினோரு மணி வெயிலில் அந்தத் திட்டம் உடைந்துவிடும். மூன்றாவது இடத்தைப் பார்க்கும்போது கண் பார்க்காது, கால் வலிதான் தெரியும். பேலஸ் ஒன்று, அல்லது கோயில்கள் இரண்டு என்று முடிவெடுத்துவிடுங்கள்.

செலவை வைத்து முடிவெடுக்க முடியாது. பேலஸுக்கு 500 பாட். வாட் போவுக்கு 300, வாட் அருணுக்கு 200, நடுவில் ஆற்றைக் கடக்கும் படகுக்கு 5 பாட். ஆக இரண்டும் ஒரே கணக்குதான். வித்தியாசம் கூட்டத்திலும் நேரத்திலும் இருக்கிறது.

பேலஸ் காலை 8.30க்குத் திறக்கும், மதியம் 3.30க்கு டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். திறந்த அரை மணி நேரத்திலேயே சுற்றுலாப் பேருந்துக் கூட்டம் உள்ளே வந்துவிடும். அரைக்கால் சட்டை, கையில்லாத மேலாடை, கிழிசல் ஜீன்ஸ் எதையும் வாசலில் விட மாட்டார்கள். உள்ளே கோயிலில் உள்ள, பெயர் பெற்ற மரகத புத்தர் சிலை 66 செ.மீ. உயரம்தான், எட்டாத உயரத்தில், தூரத்தில் இருப்பார், படம் எடுக்கவும் கூடாது. பெரிய சிலையை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான்.

ஆனால் ராமாயணப் பித்து உள்ளவர்கள் பேலஸைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மரகத புத்தர் கோயிலைச் சுற்றியுள்ள பிராகாரச் சுவர் முழுக்கத் தாய்லாந்து ராமாயணமான ராமகியன், 178 ஓவியங்களாக ஓடுகிறது. வடக்கு வாசலில் தொடங்கி வலமாக வந்தால் கதை வரிசையாக வரும். இங்கே அனுமன் பிரம்மச்சாரி இல்லை. சேதுவுக்குப் போட்ட கற்களை மீன்களை ஏவித் திருடுகிறவள் ராவணனின் மகள், சுவண்ணமச்சா என்ற மீன்பெண். அவளை அனுமன் காதலித்து மகனும் பெறுகிறான். கூட்டம் புத்தர் சன்னதியில் முண்டும்போது இந்தச் சுவரோரம் நிழலாகவே இருக்கும். இதற்கு மட்டுமே ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே யாராவது சிரித்த முகத்துடன் வந்து "இன்று பேலஸ் மூடியிருக்கிறது, வேறு கோயிலுக்குக் கூட்டிப் போகிறேன்" என்றால் நிற்காமல் வாசல் வரை நடந்து நீங்களே பாருங்கள். அவர் ஏற்றிவிடும் டுக்டுக் ஆட்டோ கடைசியில் நகைக்கல் கடையில்தான் நிற்கும்.

மற்ற எல்லோருக்கும் வாட் அருண், வாட் போ ஜோடிதான் நல்லது. இதில் வரிசை முக்கியம். வாட் அருண் ஆற்றின் மேற்குக் கரையில் கிழக்கு பார்த்து நிற்கிறது. காலை எட்டு மணி வெயில் நேராக அதன் முகத்தில் விழும். கோபுரம் முழுக்கப் பதித்த பீங்கான் துண்டுகளின் பூ வேலை அப்போதுதான் துலங்கும். படிகள் செங்குத்தானவை, ஏறுவதைவிட இறங்குவது கடினம். மாலையில் கிழக்குக் கரையில் நின்றால் கோபுரத்தின் கரிய உருவமும் பின்னால் சிவந்த வானமும் கிடைக்கும், வேலைப்பாடு தெரியாது.

பிறகு 5 பாட் படகில் தா தியன் துறைக்கு வந்தால் சில நிமிட நடையில் வாட் போ. வெயில் ஏறும் நேரத்துக்கு இதுவே சரி, ஏனென்றால் சயன புத்தர் கூரைக்குள் இருக்கிறார். 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். தூண்கள் மறைப்பதால் பக்கவாட்டில் முழு உருவம் பிடிபடாது. பாதங்கள் இருக்கும் கோடிக்குப் போய்த் தலைப்பக்கம் திரும்பிப் பாருங்கள். உள்ளங்காலில் முத்துச்சிப்பியால் இழைத்த 108 மங்கலச் சின்னங்களும் அங்கேதான். பெரும்பாலோர் இத்துடன் திரும்பிவிடுகிறார்கள். பின்னாலுள்ள முற்றங்கள் காலியாகக் கிடக்கும். பாரம்பரிய மசாஜ் பள்ளியும் வளாகத்துக்குள்ளேயே உண்டு.

போய்ச் சேர சப்பான் தக்சின் ரயில் நிலையத்தின் கீழே உள்ள சத்தோர்ன் துறையில் படகு ஏறுங்கள். ஆரஞ்சுக் கொடிப் படகில் எங்கே இறங்கினாலும் 16 பாட். நீலக் கொடி சுற்றுலாப் படகுக்கு அதைப்போல் இரு மடங்கும் அதற்கு மேலும் ஆகும், வருவதும் குறைவு. ஆரஞ்சுப் படகு துறையில் சில நொடிதான் நிற்கும், பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டும். ஒரு துறை முன்பே பின்னால் வந்துவிடுங்கள். வயதானவர்கள் கூட வந்தால் நீலமே நல்லது.

சாப்பாட்டுக்கு யாவராட் என்ற சைனா டவுனா, ஷாப்பிங் மால் உணவுக்கூடமா? அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு யாவராட்தான். வாட் போவிலிருந்து சனம் சாய் நிலையத்துக்கு நடந்தால் மெட்ரோவில் இரண்டாவது நிறுத்தம் வாட் மங்கோன். தள்ளுவண்டிகள் மாலை ஆறு மணியளவில்தான் களைகட்டும், திங்கட்கிழமைகளில் பல வண்டிகள் வராது. மிளகு தூக்கலான குழம்பில் சுருள் அரிசி நூடுல்ஸ் போட்ட குவாய் ஜாப் இங்கே பேர்போனது. பன்றிக் குடலும் ஈரலும் அதில் கிடக்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தள்ளுவண்டி ஆபத்து. காய்கறி மட்டும் போட்டாலும் மீன் சாஸும் சிப்பி சாஸும் அனிச்சையாக விழும். மஞ்சள் பலகையில் சிவப்புத் தாய் எழுத்தில் 'ஜே' (சுத்த சைவம்) என்று போட்ட கடையில் பூண்டு, வெங்காயம்கூட இருக்காது. அது கண்ணில் படாவிட்டால் அசோக் நிலையத்தையொட்டிய டெர்மினல் 21 மாலின் உணவுக்கூடம் போங்கள். கவுன்டரில் பணம் கட்டி அட்டை வாங்கி, மீதியைக் கடைசியில் திரும்பப் பெறலாம். விலை தெருவைவிட அதிகமில்லை. இன்னொரு வழி, யாவராட்டை ஒட்டிய பாஹுராட். சீக்கியர் குருத்துவாராவைச் சுற்றி வட இந்தியச் சைவக் கடைகள் உண்டு, ஆனால் பாங்காக் வந்து ரொட்டியும் தாலும் சாப்பிடுவது கடைசி வழியாக இருக்கட்டும்.

இனிப்பில் இருவருக்கும் தடையில்லை. மார்ச் முதல் மே வரை மாம்பழமும் தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசியும். மற்ற மாதங்களில் யாவராட்டில் சூடான இஞ்சிப்பாகில் மிதக்கும் கருப்பு எள் உருண்டை கேளுங்கள். நம் எள்ளுக் கொழுக்கட்டைப் பூரணத்தை இளக்கிய மாதிரி வாயில் கரையும், இஞ்சிக் காரம் தொண்டையில் நிற்கும்.