செடேஷன் போட்டு ஞானப்பல் எடுத்த கதை, 4 ஸ்டார்

பல் டாக்டரோட நாற்காலியப் பாத்தாலே எனக்கு உதறல், அதனால எங்க ஏரியா கிளினிக்ல செடேஷன், அதாவது அரைத்தூக்கத்துல வைக்கிற மருந்து, கேட்டேன். 6 மணி நேரம் வெறும் வயிறு, கையில ஊசி வழியா மிடசோலம்ங்கிற அந்த மருந்து, விரல்ல ஆக்சிஜன் பாக்குற கிளிப்பு. முழு மயக்கமெல்லாம் இல்லங்க, வாயத் திறங்கன்னா திறக்குறோம், ஆனா பின்னாடி பெரும்பாலும் ஒண்ணும் ஞாபகம் இருக்காது, ஈறுல மரத்துப்போற ஊசி போட்டதே எனக்குத் தெரியல. பல்லு எடுத்து முடிச்சப்புறம் பஞ்சக் கடிச்சுக்கிட்டே "எப்ப டாக்டர் ஆரம்பிப்பீங்க"ன்னு கேட்டேனாம், வீட்டுக்காரர் இன்னும் சொல்லிச் சொல்லி சிரிக்கிறாரு. அன்னைக்குப் பூரா தூக்கம், வண்டி தொடக்கூடாது, கூட ஆள் கட்டாயம் வேணும். கடுப்பு ஒண்ணுதான், செடேஷனுக்குத் தனி பில்லுன்னு கவுன்ட்டர்ல நின்னப்பதான் சொன்னாங்க.