சிறிய பிரேமில் கால் முட்டுகிறதா? ஷிமானோ 105 கிராங்க், 160 மி.மீ

ஹேண்டிலை ஒடிக்கும்போது ஷூ நுனி முன் டயரில் முட்டினால், பிரேமை விற்க நினைப்பதற்கு முன் கிராங்க்கை, அதாவது பெடலைத் தாங்கிச் சுற்றும் கையை, மாற்றிப் பாருங்கள். ஷிமானோ 105 ஆர்7000 வரிசையில் 160 மி.மீ நீளம் இருக்கிறது. இப்போது இருப்பது 170 மி.மீ கிராங்க்காகவும் முட்டல் 10 மி.மீக்குள்ளும் இருந்தால் இதைத் தயங்காமல் வாங்கலாம். அதற்கு மேல் என்றால் இது மட்டும் போதாது.

சிறிய பிரேமிலும் பெரிய பிரேமுக்கான அதே 700சி அளவுச் சக்கரத்தையே போடுவதுதான் சிக்கலின் வேர். பாட்டம் பிராக்கெட்டிலிருந்து (கிராங்க்கின் அச்சு சுழலும் இடம்) முன் சக்கர அச்சு வரை 575 மி.மீ என்று வைத்துக்கொள்வோம். 28 மி.மீ டயருடன் சக்கரத்தின் ஆரம் ஏறக்குறைய 339. 170 கிராங்க்கையும் கழித்தால் மிஞ்சுவது 66 மி.மீ. பெடல் பக்கவாட்டில் தள்ளி இருப்பதால் உண்மையான இடைவெளி இதைவிடக் கொஞ்சம் கூடுதல். காலைப் பிடித்துவைக்கும் அமைப்பு இல்லாத சைக்கிளுக்கு அமெரிக்க விதி கேட்பது 89 மி.மீ.

வேகமாகப் போகையில் ஹேண்டில் சில டிகிரிதான் திரும்பும், முட்டாது. ஆபத்தெல்லாம் மெதுவாகப் போகும் இடங்களில்தான்: சிங்கப்பூரில் மணிக்கு 10 கி.மீ வேக வரம்புள்ள நடைபாதை, பூங்கா இணைப்புப் பாதையின் யூ வளைவு, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளுக்கு நடுவே சட்டென்று திரும்பும் மூலை. சக்கரத்தின் பின்விளிம்பு திரும்பும் திசைக்கு எதிர்ப்பக்கம் வருவதால், இடப்பக்கம் ஒடிக்கும்போது முன்னே இருக்கும் வலது கால்தான் மாட்டும்.

வாங்குவதற்கு முன் அளந்துவிடுங்கள். கிராங்க்கை முன்பக்கமாகக் கிடையாக நிறுத்தி, டயரின் பின்விளிம்பு பெடலுக்கு நேர் முன்னே வரும்வரை ஹேண்டிலைத் திருப்பி, பெடல் அச்சிலிருந்து டயர் வரை அளக்கவும். பிறகு ஷூவைப் பெடலில் மாட்டி, அச்சிலிருந்து ஷூ நுனி வரை அளக்கவும். இரண்டாவது அளவு எவ்வளவு கூடுதலோ அவ்வளவுதான் முட்டல். மட்கார்டு போட்டிருந்தால் டயருக்குப் பதில் அதன் விளிம்புவரை அளக்கவேண்டும். நம் ஊர் மழைக்கு மட்கார்டைக் கழற்றச் சொல்ல மனம் வராது, ஆனால் இருக்கும் இடைவெளியை அதுவும் தின்னும்.

பொருத்துவது எளிது. இடது கிராங்க் கையின் இரண்டு போல்ட்டுகளையும் 5 மி.மீ ஆலன் சாவியால் தளர்த்தி, பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, கை கழன்றுவிடாமல் தடுக்கும் சிறு தகடான ஸ்டாப்பர் பிளேட்டைத் தூக்கிவிட்டு அந்தக் கையை உருவுங்கள். ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டினால் அச்சு வலப்பக்கம் வெளியே வரும். திரும்ப மாட்டும்போது மூடிக்கு 0.7 முதல் 1.5 நியூட்டன் மீட்டர்தான். பலர் கெடுப்பது இங்கேதான்: அதற்கு மேல் இறுக்கினால் பேரிங் கனத்துச் சுற்றும். ஸ்டாப்பர் பிளேட்டின் முனை துளையில் இறங்கியபின், இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி 12 முதல் 14 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கவும். பெடல் மரையில் கிரீஸ் அவசியம். வியர்வையும் ஈரமும் சேர்ந்தால் அது இறுகிப்போய்விடும். பல்சக்கரம் அதே 50-34 பற்கள் என்றால் முன் டெரெய்லரை (சங்கிலியைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) தொடவேண்டியதில்லை.

170இலிருந்து மாறினால் சீட்டை 10 மி.மீ உயர்த்தவேண்டும். அதனால் சீட்டைப் பார்க்க ஹேண்டில் அவ்வளவு தாழ்ந்துவிடும். ஸ்டெம்முக்கு (ஹேண்டிலைப் பிடிக்கும் துண்டு) அடியில் ஸ்பேசர் வளையம் போட இடமுண்டா என்று முதலிலேயே பாருங்கள், ஃபோர்க் குழாயை வெட்டிவிட்டிருந்தால் வழியில்லை. நெம்புதிறன் ஏறத்தாழ 6 விழுக்காடு குறையும். மவுண்ட் ஃபேபர் ஏற்றத்துக்கு முன்னே 34, பின்னே 32 பல் கியர் இருந்தால் அதை உணரமாட்டீர்கள்.

இன்னும் முட்டினால் கிளீட்டை (ஷூவின் அடியில் பெடலோடு மாட்டும் துண்டு) ஷூ நுனிப்பக்கம் 2, 3 மி.மீ நகர்த்தலாம். அதற்கு மேல் போனால் கெண்டைக்கால் வலிக்கும். 700சியைவிடச் சிறிய 650பி சக்கரத்துக்கு மாறும்போது டயரைக் கவனியுங்கள். 28 டயர் என்றால் ஆரம் 19 மி.மீ குறையும், 47 டயர் போட்டால் பழைய 339க்கே வந்து நிற்கும். டிஸ்க் பிரேக் சைக்கிளுக்குத்தான் இந்த மாற்றம் சுலபம்.

காரோசல் விற்பனைத் தளத்தில் பழைய கிராங்க் தேடுபவர்கள் 105ஐயே பார்ப்பது நல்லது. ஜூலை 2019க்கு முன் தயாரான 11 வேக அல்டெக்ரா, டியூரா-ஏஸ் கிராங்க்குகளின் ஒட்டு பிரியக்கூடும் என்பதால் 2023இல் ஷிமானோ அவற்றைப் பரிசோதனைக்கு அழைத்தது. 105 அந்தப் பட்டியலில் இல்லை.