ரொறன்ரோவின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகள்: எதை நம்பிச் சேர்க்கலாம்

ஒன்ராறியோப் பள்ளி வாரியங்களின் தமிழ் வகுப்புகள் இரண்டு வகை. எட்டாம் வகுப்பு வரையான சிறுவர்களுக்கு வாரத்துக்கு அதிகபட்சம் இரண்டரை மணி நேரம். இது 1977இல் மரபுமொழித் திட்டமாகத் தொடங்கியது. 25 மாணவர்களின் பெற்றோர் எழுத்தில் கேட்டால் வாரியம் வகுப்பைத் திறந்தாக வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து கிரெடிட் வகுப்பு, அதாவது உயர்நிலைப் பள்ளி டிப்ளோமாவுக்குக் கணக்கில் சேரும் பாடம்; 110 மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட். ரொறன்ரோவின் கிழக்கே உள்ள ஸ்காபரோப் பெற்றோர் பலர் இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். பிள்ளைக்கு இரண்டும் ஒன்றல்ல.

சிறுவர் வகுப்பு முழுக்க ஆசிரியரைப் பொறுத்தது. எழுத்தறிவுப்படி பிரித்தால் பத்து வயதுப் பிள்ளை ஐந்து வயதுப் பிள்ளையோடு இருந்து அ, ஆ எழுதும். வயதுப்படி பிரித்தால் வாசிக்கத் தெரிந்தவரும் எழுத்தே தெரியாதவரும் ஒரே அறையில். இரண்டிலும் பிள்ளைக்குக் கூச்சம் வரும். ஆகவே முதலாம் வகுப்பிலேயே சேர்த்துவிடுங்கள்.

247 எழுத்தையும் அட்டவணை வரிசையில் முடித்த பிறகுதான் சொல் என்றால் வருடம் அதிலேயே போய்விடும். ப, ட, ம, க, த ஐந்தோடு புள்ளியும் காலும் கொடுத்தால் பட்டம், பாடம், மாதம், பக்கம் எல்லாம் உடனே வாசிக்கலாம். ஆங்கிலம் படித்த பிள்ளை தடுமாறுவது கொம்பில்: 'கெ' எழுதும்போது கொம்பு முன்னால், ஒலியோ பின்னால். அடுத்தது, 'அப்பா'வுக்கும் 'தம்பி'க்கும் ஒரே பகரம்தான். இரட்டித்தால் வலிமை, மெல்லெழுத்தின் பின்னால் மென்மை என்று சொல்லிக்கொடுத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

வீட்டில் "வாங்கோ, இருங்கோ", பாடநூலில் "வாருங்கள்". வீட்டுப் பேச்சைப் பிழை என்று திருத்தினால் பிள்ளை வகுப்பில் வாய் திறக்காது, அம்மம்மாவோடு கதைக்கவும் தயங்கும். பேச்சுக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று என்று இரண்டையும் மதிக்கும் ஆசிரியர் கிடைத்தால் விடாதீர்கள். இதைவிடக் கேடு பெற்றோர் செய்வது. உடை, நண்பர்கள், இரவில் வெளியே போவது பற்றிய சண்டைகளுக்கெல்லாம் மருந்தாகப் பிள்ளையைத் தமிழ் வகுப்புக்கு அனுப்புகிறார்கள். பிள்ளைக்குத் தமிழே தண்டனையாகிவிடுகிறது. பதின்ம வயது வந்ததும் முதலில் கைவிடுவதும் அதைத்தான்.

கிரெடிட் வகுப்பைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். டிப்ளோமாவுக்கு வேண்டிய 30 கிரெடிட்டில் ஒன்றாகத் தமிழும் சேர்கிறது. அம்மா அப்பாவுக்காக வந்த பிள்ளை தனக்காக வரத் தொடங்கும். பிள்ளையின் பள்ளிக்கூட உலகமே தமிழுக்கு மதிப்பெண் போடுகிறதே! சிக்கல் நேரத்தில்தான். நடன வகுப்பு, கால்பந்து, பகுதிநேர வேலை எல்லாம் சனிக்கிழமையிலேயே விழும். ஒரு சனி தவறினால் வாரநாள் வகுப்பில் இரண்டு மூன்று நாள் பாடம் போனதுபோல. பருவம் தொடங்குமுன் மற்ற நேரங்களை மாற்றிவிடுங்கள்.

பதியும்போது பாடக் குறியீட்டைப் பள்ளி வழிகாட்டி ஆசிரியரிடம் காட்டி, பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு எடுக்கும் வகையா என்று உறுதிசெய்யுங்கள். வீட்டில் தமிழ் கதைக்கும் பிள்ளையைத் தொடக்க நிலையில் போட்டால் சலித்துவிடும். வாசிக்கவும் எழுதவும் வைத்துப் பார்த்து நிலையைத் தீர்மானிக்கச் சொல்லிக் கேளுங்கள்.