சிராங்கூன் சாலையில் ஆறு வார ஜெர்மன் தத்துவ வகுப்பு: சேரலாமா?

சிங்கப்பூர் தேக்காவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு கடைவீட்டு மாடி, வியாழக்கிழமை இரவுகள், 150 வெள்ளி. கான்ட்டில் தொடங்கி ஹெகல் வரை ஜெர்மானியத் தத்துவவாதிகள் தன்னுணர்வைப் பற்றி, அதாவது 'நான்' என்று ஒருவர் தன்னை அறிவதைப் பற்றி, என்ன யோசித்தார்கள் என்பதைத் தமிழில் சொல்லித்தரும் வகுப்பு. போன வாரம்தான் முடிந்தது. அடுத்த சுற்றில் சேரலாமா என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். சேருங்கள், ஆனால் ஹெகல் வாரத்தைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு.

முதல் வாரம் கான்ட். என் எண்ணங்கள் எல்லாவற்றோடும் 'நான் நினைக்கிறேன்' என்பது சேர்ந்து வர முடிய வேண்டும், இல்லாவிட்டால் அவை என்னுடையவையே அல்ல என்று 'தூய அறிவின் விமர்சனம்' நூலின் 1787 பதிப்பில் சொல்கிறார். எப்போதும் கூடவே வருகிறது என்று சொல்லவில்லை, வர முடிய வேண்டும் என்றுதான் சொல்கிறார். ஆசிரியர் இதைப் பலகையில் ஒரே சொல்லை எழுதிக் காட்டினார்: நினைக்கிறேன். 'நான்' எழுதவில்லை, ஆனாலும் வினையின் வாலில் அது இருக்கிறது. சரி, 'எனக்குப் பசிக்கிறது' என்கிறோமே, அதில் வினை பசியோடு போய்விட்டதே, அங்கே 'நான்' எங்கே என்று ஓர் அக்கா கேட்டார், அந்தக் கேள்வியிலேயே அரை மணி நேரம் ஓடியது. இந்த வகுப்பை ஆங்கிலத்தில் நடத்தியிருந்தால் அந்த அரை மணி நேரம் கிடைத்திருக்காது.

இரண்டும் மூன்றும் ஃபிக்டே. கொடுத்த காசுக்கு இந்த இரண்டு வாரமே போதும். யேனா பல்கலைக்கழகத்தில் அவர் மாணவர்களிடம் சுவரை நினையுங்கள் என்பாராம், அப்புறம் சுவரை நினைத்தவரை நினையுங்கள் என்பாராம். எங்களையும் செய்ய வைத்தார்கள். நினைத்தவரை நினைத்தால், அவரை நினைப்பவர் ஒருவர் பின்னால் நிற்கிறார், அவரைப் பிடித்தால் இன்னொருவர். அன்று வீடு திரும்பும்போது அது விடவில்லை. காலையில் பிடோக்கிலிருந்து ரயிலில் வரும்போது காலாங் தாண்டிச் சுரங்கத்தில் இறங்கியதும் ஜன்னல் கண்ணாடியாகிவிடும், அதில் தெரியும் முகம் என்னுடையது என்று எனக்கு எப்படித் தெரிகிறது? என்னை ஏற்கெனவே தெரிந்திருந்தால்தானே அடையாளம் காண முடியும்? அப்படியானால் தன்னைத் தானே திரும்பிப் பார்ப்பதால் 'நான்' தெரியவருகிறது என்ற விளக்கம் நிற்காது. 'நான்' என்பது முன்பே இருந்து பிறகு பார்க்கப்படும் பொருள் அல்ல, தன்னைத் தானே நிறுவிக்கொள்ளும் செயல், அந்தச் செயலைத் தவிர அதற்கு வேறு இருப்பு கிடையாது என்பது ஃபிக்டேவின் பதில். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நான்காவது வாரம் ஷெல்லிங், அவசரமாக முடித்தார்கள். கொடுத்த தாள்களில் எழுத்து பொடி, ஒரே ஜெர்மன் சொல்லுக்குத் தன்னுணர்வு, சுயவுணர்வு, தன்னறிவு என்று பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறது. ஜெர்மன் பேச்சில் அதே சொல் தன்னம்பிக்கையைக் குறிக்கும், ஆங்கிலத்தில் அதற்கு இணையான சொல்லோ கூச்சத்தைக் குறிக்கும் என்று ஆசிரியர் சொன்னது மட்டும் மனதில் தங்கியது.

கடைசி இரண்டு வாரம் ஹெகல் என்றார்கள், அதில் ஒன்றைக் கேள்வி நேரமாக்கிவிட்டார்கள். 1807-ல் வந்த நூலில் அவர் சொல்வது, இன்னொருவர் அங்கீகரித்தால்தான் தன்னுணர்வு தன்னுணர்வாகும் என்பது. இருவர் உயிரைப் பணயம் வைத்து மோத, சாவுக்கு அஞ்சியவர் அடிமையாகிறார். ஆண்டானுக்கு அங்கீகாரம் கிடைக்கிறது, ஆனால் அவரே மதிக்காத ஒருவரிடமிருந்து. அடிமையோ வேலை செய்து செய்து, தான் உருவாக்கிய பொருளில் தன்னைக் காண்கிறார். இதை முதலாளி, தொழிலாளி தகராறு போலச் சொல்லிவிட்டுப் போய்விட்டார் ஆசிரியர். கப்பல் பட்டறையில் வேலை செய்யும் ஓர் அண்ணன் எழுந்து, "பத்துப் பேர் போட்ட வெல்டிங்கை வரிசையா வச்சாலும் நான் போட்டது எதுன்னு சொல்லிடுவேன் சார்" என்றார். நேரமாகிவிட்டது என்று அவரை உட்காரச் சொல்லிவிட்டார்கள். ஹெகல் சொன்னதை அந்த அறையில் அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை, அங்கேதான் நின்று பேசியிருக்க வேண்டும்.

ஹெகலுக்கு முழுதாக இரண்டு வாரம் ஒதுக்கச் சொல்லிக் கருத்துத் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சேர்பவர்களும் கேளுங்கள். ஏர்கான் நடுவரிசையில் நேராக அடிக்கும், சுவரோரம் உட்காருங்கள்.