மேடு போட்ட ஊரா, பள்ளம் தோண்டின ஊரா?

நெதர்லாந்துல குட்டி ஊர் பாக்கணும்னா எல்லாரும் கீத்தோர்ன்னு தான் சொல்றாங்க, நான் அதுக்குப் பக்கத்துல இருக்குற ட்வார்ஸ்க்ராக்ட்டையும் வடக்க ஃப்ரீஸ்லாந்துல இருக்குற ஹேகபெய்ன்டமையும் எடுத்துக்குறேன். ரெண்டுக்கும் தண்ணி தான் வில்லன், ஆனா பொறந்த கதை நேரெதிர்.

ஹேகபெய்ன்டம் ஜனங்க கடலுக்குக் கரை கட்டுறதுக்கு முன்னாடியே வந்து களிமண்ணு, சாணி, குப்பைன்னு தலைமுறை தலைமுறையா கொட்டி மேடாக்கி அது மேலயே குடியிருந்தாங்க, இன்னைக்கு அது கடல் மட்டத்துக்கு மேல கிட்டத்தட்ட 9 மீட்டர், நாட்டுலயே உசரமான மேடு. கொடுமை என்னன்னா, அந்த மண்ணு நல்ல உரம்னு பின்னாடி பெரும்பகுதியை வெட்டி வித்துட்டாங்க! உச்சியில பழைய சர்ச் மட்டும் தனியா நிக்குது.

ட்வார்ஸ்க்ராக்ட்ல தலைகீழ். அடுப்பெரிக்க தண்ணிக்கடியில இருந்த பீட் சேத்தை (செடிகொடி மக்கி உண்டானது, காஞ்சா விறகு மாதிரி எரியும்) நீளக் கம்புல மாட்டின வலையால அள்ளி, நடுவுல விட்ட ஒல்லி வரப்புல காயப்போட்டு, செங்கல் மாதிரி வெட்டி வித்தாங்க, அள்ளின இடமெல்லாம் குளமாச்சு. ஆசைப்பட்டு வரப்பையும் ஒல்லியாக்கினதுல 1776 புயல்ல பக்கத்து ப்யூலாகே ஊரே ஏரிக்குள்ள போயிடுச்சு.

எனக்குப் புடிச்சது ட்வார்ஸ்க்ராக்ட் தான், நாணல் கூரை, வாசல்ல மரப்பாலம், கீத்தோர்ன் கூட்டமும் கிடையாது. சரித்திரம்தான் வேணும்னா மேட்டுக்குப் போங்க, காத்து மட்டும் ஆளைத் தள்ளும்.