ஜிசிசி கம்பைலர்: பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

மூலநிரலைப் பதிவிறக்கி, பில்ட் செய்து (இயங்கும் நிரலாக மாற்றி), பயன்பாட்டுக்குக் கொண்டுவருவது என் தொழிலில் அன்றாடம் நடப்பது. அவற்றுள் பல, எழுதியவர்கள் எப்போதோ கைவிட்டுவிட்ட, ஆனால் இன்றும் பிறருக்குத் தேவைப்படுகிற கட்டற்ற சி நிரல்கள். சி மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றும் கம்பைலரான ஜிசிசியின் ஏழாம் பதிப்பு தொடங்கிப் பதினைந்தாம் பதிப்பு வரை இந்நிரல்களைத் தொடர்ந்து அதனிடம் கொடுத்துப் பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது: இன்று பில்டை நிறுத்துகிற பிழைகளில் பல, முந்தைய பதிப்புகள் எச்சரிக்கையாகச் சொல்லியும் எவரும் கண்டுகொள்ளாமல் விட்டவை.

2024 மே மாதம் வெளியான 14ஆம் பதிப்பு இதற்கு நல்ல சான்று. முன்கூட்டி அறிவிக்கப்படாத ஒரு ஃபங்ஷனை (பெயரிட்ட நிரல் துண்டை) அழைத்தால், அது முழு எண்ணைத் திருப்பித் தரும் என்று கம்பைலர் தானாகவே வைத்துக்கொள்ளும் பழைய வழக்கத்தை 1999ஆம் ஆண்டின் சி தரநிலையே நீக்கிவிட்டது. இருந்தும் ஜிசிசி கால் நூற்றாண்டுக் காலம் எச்சரிக்கையோடு விட்டுவைத்து, 14இல்தான் அதைப் பிழையாக்கியது. பொருந்தாத பாயின்டர் (நினைவக முகவரியைத் தாங்கும் மாறி) வகைகளை ஒன்றுக்கொன்று மாற்றி வைப்பதும், முழு எண்ணைப் பாயின்டராகக் கொள்வதும் அதே பதிப்பில் பிழைகளாயின. நேற்றுவரை பில்ட் ஆன நிரல்கள் பல இதனால் நின்றுபோயின என்பது உண்மைதான்; ஆயினும் இந்த மாற்றம் சரியானது என்றே நான் கருதுகிறேன்.

காரணத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பில்ட் செய்யும் முறையைச் சொல்லும் மேக்ஃபைல் கோப்பில் சி99 தரநிலையைக் கண்டிப்பாகப் பின்பற்றும்படி எழுதியிருக்கும் நிரல் ஒன்று, வேறொரு நிரலை இயக்கி அதன் வெளியீட்டைப் படிப்பதற்காக பிஓபன் ஃபங்ஷனை அழைக்கிறது. அது யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாசிக்ஸ் தரநிலையைச் சேர்ந்தது என்பதால், கண்டிப்பான சி99 முறையில் ஃபங்ஷன்களின் அறிவிப்புகளைத் தாங்கும் எஸ்டிடிஐஓ தலைப்புக் கோப்பு அதை வெளிக்காட்டுவதில்லை. அறிவிப்பு இல்லாததால், திரும்பி வருவது 32 பிட் முழு எண் என்று பழைய கம்பைலர் எண்ணிக்கொள்கிறது. உண்மையில் வருவதோ 64 பிட் முகவரி, எனவே அதன் மேல்பாதி வெட்டுப்படுகிறது. முன்பெல்லாம் நிரல் ஓடும்போது கேட்டுப் பெறும் ஹீப் பகுதி நினைவகத்தின் தாழ்ந்த முகவரிகளில் அமைந்ததால், வெட்டுப்பட்ட பகுதி வெறும் பூஜ்ஜியங்களாகவே இருந்து, நிரலும் தடையின்றி ஓடியது. லினக்ஸ் இயங்குதளத் தொகுப்பான டெபியன் 2017இல் வெளியிட்ட 9ஆம் பதிப்பு போன்றவை, இயங்கும் நிரல் எந்த முகவரியிலும் ஏற்றப்படத்தக்கதாக இருப்பதை இயல்பாக்கிய பின், ஹீப் உயர்ந்த முகவரிகளுக்குப் போயிற்று. அதே நிரல் தொடங்கியதுமே செக்மென்டேஷன் ஃபால்ட் (தவறான நினைவக முகவரியைத் தொட்ட பிழை) கொடுத்து விழுந்தது. தரநிலையை, பாசிக்ஸ் ஃபங்ஷன்களையும் வெளிக்காட்டும் க்னூ99 என மாற்றும் ஒரே வரித் திருத்தம் இதற்குப் போதும். அந்தத் திருத்தத்தைச் சொல்லாமல் சொன்ன எச்சரிக்கை, பல ஆண்டுகளாகத் திரையில் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

14ஆம் பதிப்பால் நேரும் இன்னொரு சிக்கல் இதைவிட நுட்பமானது, ஏனெனில் அதில் பிழையே கண்ணில் படுவதில்லை. பில்டுக்கு முன் ஓடும் கான்ஃபிகர் நிரல், ஒரு வசதி கணினியில் உள்ளதா என்று அறிய, சிறு சோதனை நிரல்களைக் கம்பைல் செய்து பார்க்கிறது. பழைய சோதனைகள் பலவற்றில், உரிய தலைப்புக் கோப்பைச் சேர்க்காமலேயே எக்ஸிட் ஃபங்ஷனை அழைத்திருப்பார்கள். புதிய கம்பைலர் அதை மறுக்கும்போது, கான்ஃபிகர் அந்த வசதியே இல்லை என்று முடிவுகட்டி அடுத்த சோதனைக்குப் போய்விடுகிறது. பில்ட் முழுமையாக முடிகிறது. கிடைத்த நிரலில் மட்டும் ஒரு வசதி குறைகிறது. ஆகவே கம்பைலரை மாற்றும்போதெல்லாம், பழைய கம்பைலரில் கிடைத்த, சோதனை முடிவுகள் பதிவான கான்ஃபிக்.லாக் கோப்பையும் புதியதையும் டிஃப் கட்டளையால் ஒப்பிட்டு, ‘யெஸ்’ என்பது ‘நோ’ ஆன இடங்களைப் பார்த்துவிடுகிறேன். இந்த ஒரு பழக்கத்தை எவருக்கும் வலியுறுத்திச் சொல்வேன்.

மற்றப் பதிப்புகளின் சிக்கல்கள் ஒப்பீட்டளவில் எளியவை. 2020இல் வந்த 10ஆம் பதிப்பில், தலைப்புக் கோப்பிலேயே வரையறுத்த பொது மாறிகள் ஒவ்வொரு ஆப்ஜெக்ட் கோப்பிலும் (கம்பைல் ஆன துண்டிலும்) தனித்தனியே உருவாகி, ‘மல்டிபிள் டெஃபினிஷன்’ என்று அவற்றை இணைக்கும் லிங்கர் முறையிடும். தலைப்புக் கோப்பில் எக்ஸ்டெர்ன் (வரையறை வேறிடத்தில் உள்ளது எனும் சொல்) சேர்த்து, வரையறையை ஒரே கோப்பில் வைத்தால் தீரும். 2025இல் வந்த 15ஆம் பதிப்பு சி23 தரநிலையை இயல்பாகக் கொண்டதால், இப்போது மொழிக்கே உரிய சொல்லாகிவிட்ட பூல் என்ற பெயரில் தாமே ஒரு வகையை வரையறுத்த நிரல்களும், வெற்று அடைப்புக்குறியை ‘எத்தனை உள்ளீடும் வரலாம்’ என்று நம்பிய நிரல்களும் நிற்கின்றன. தரநிலையை முந்தைய க்னூ17 என்று குறித்தால் தற்காலிகமாக ஓடும்.

எனக்கு உண்மையான மனக்குறை கம்பைலர் மீதன்று. எச்சரிக்கை அனைத்தையும் பிழையாக்கும் டபிள்யூ-எரர் விருப்பத்தை வெளியீட்டுத் தொகுப்பிலேயே விட்டுவைக்கும் வழக்கத்தின் மீது. உருவாக்குநரின் கணினியில் அது மிகப் பயனுள்ளது. ஆனால் அந்நிரல் எழுதப்பட்டபோது இல்லாத கம்பைலர் ஒன்று புதிதாக எழுப்பும் எச்சரிக்கையால் பயனரின் பில்ட் நிற்பதில் யாருக்கும் நன்மையில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலிலேயே 2021இல் அதை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் இதை எல்லா பில்டுகளுக்கும் இயல்பாக்கி, சில நாள்களிலேயே சோதனை பில்டுகளுக்கு மட்டும் என்று சுருக்கினார்.

அப்படி நிற்கும் பில்டுகளில் பிழையைத் தேடும்போது, மேக் கட்டளையைப் பல பணிகளாகப் பிரித்து ஓட்டாமல் ஒரே பணியாக ஓட்டி, திரையின் கடைசி வரியை விட்டு முதல் பிழையைப் படிக்க வேண்டும். பின்வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகளே. மதிப்பு வைக்காத மாறி பற்றிய எச்சரிக்கையை மட்டும் சற்று ஐயத்தோடு அணுகுகிறேன். கம்பைலர் நிரலை மேம்படுத்தும்போது செய்யும் பகுப்பாய்விலிருந்தே அது பிறப்பதால், மேம்படுத்தும் ஓ-2 நிலையில் தோன்றி, மேம்படுத்தாத ஓ-0 நிலையில் மறையக்கூடும். சில வேளை சரியான நிரலையும் குறைசொல்லும். அத்தகைய இடத்தில் மாறிக்குக் கண்ணை மூடிக்கொண்டு பூஜ்ஜியம் வைத்து எச்சரிக்கையை அடக்குவதில்லை; நிரலின் ஒவ்வொரு கிளையும் அம்மாறிக்கு எங்கே மதிப்பு வைக்கிறது என்று படித்துப் பார்த்த பிறகே கை வைக்கிறேன்.